உச்சியில் 'டக் டக்'… சரிவில் 'ஐயோ அம்மா'! ரோலர் கோஸ்டரில் ஒருநாள்: வண்டி நடுவழியில் நின்றால் பயப்படாதீங்க… ஏன் தெரியுமா?

சென்னை: ஸ்கூல் லீவு விட்டாலே போதும், "ரோலர் கோஸ்டர் போகணும்பா" என்று பசங்க அரிக்க ஆரம்பித்து விடுகிறார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். அம்மா "அதுல இருந்து யாராச்சும் விழுந்துட்டா?" என்று பதறுகிறார். கடைசியில் ஜெயிப்பது என்னவோ பசங்கதான்.

அப்படிப் போகிறவர்கள் அலறுகிறார்கள், சிரிக்கிறார்கள், சிலர் ஓரமாக ஒதுங்கி வாந்தியும் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வண்டி எதனால் ஓடுகிறது, எது அதைப் பிடித்து நிறுத்துகிறது, ஆபத்து உண்மையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஏறுகிற பலருக்குத் தெரியாது.

உயரத்தைப் பார்த்து நடுங்குகிறவர், ஊழியர் வந்து இடுப்புக் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது ஜாலியாக செல்பி எடுத்துக்கொண்டு இருக்கிறார். பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயப்படுகிற இடம் வேறொன்று!

காலையில் பர்ஸ் காலி

சென்னைக்காரர்களுக்கு பொழுதுபோக்கு பூங்கா புதுசு இல்லை. கிழக்கு கடற்கரைச் சாலையிலும் பூந்தமல்லி பக்கத்திலும் பல வருஷமாக பூங்காக்கள் உண்டு. கந்தசாமி கோயிலுக்கு பெயர் போன திருப்போரூருக்கு அருகே, இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்காவும் திறக்கப்பட்டது. 60 ஏக்கருக்கும் மேல் இடம், 600 கோடி ரூபாய்க்கும் மேல் செலவு, 40-க்கும் அதிகமான ரைடுகள்.

அங்கே எல்லோரும் முதலில் ஓடுவது 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டருக்குத்தான். சுவிட்சர்லாந்து நாட்டின் போலிகர் அண்ட் மாபிலார்ட் கம்பெனி தயாரிப்பு. இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. வண்டி கீழே தொங்கும். கால் அந்தரத்தில் ஆடும். இதே கம்பெனி இந்த மாதிரி தொங்கும் வண்டியை முதன்முதலில் 1992-ல் அமெரிக்காவின் சிகாகோ அருகே ஓட விட்டது.

திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயில் இருந்து ஆரம்பித்தது. அந்தக் கணக்கில் 4 பேர் உள்ள குடும்பம் முழு டிக்கெட் எடுத்தால் 5,956 ரூபாய். பஸ், சாப்பாடு தனி. கூலி வேலை பார்ப்பவருக்கு ஒரு வாரச் சம்பளமே போய்விடும். அதனால் கவுண்டரில் பணம் கட்டும் முன்பே "இன்னிக்கு எந்த ரைடு ஓடலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பலத்த காற்று, இடி, மின்னல் என்றால் ரோலர் கோஸ்டரை நிறுத்தி விடுவார்கள். மழைக்காலத்தில் ஆசையாகப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு ரைடுக்கும் தனியாகக் காசு கிடையாது. ஆனால் கால் வலி உண்டு. ஒரு கணக்கு பாருங்கள். 20 பேர் ஏறும் வண்டி 3 நிமிஷத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 400 பேர்தான் போக முடியும். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வண்டி ஓடுவதோ இரண்டு நிமிஷம்! அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கேட் திறந்ததும் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நேராக ரோலர் கோஸ்டருக்கு ஓடுகிறார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் நைசாக நுழைகிறார்கள்.

உயரக் குச்சி தகராறு

வரிசையின் வாசலில் ஒரு அளவுக் குச்சி இருக்கும். பெரும்பாலான சண்டை இங்கேதான் நடக்கிறது. "என் பையனுக்கு 10 வயசு சார், தைரியசாலி, விடுங்க" என்று கெஞ்சும் அப்பாக்களை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். எம்பி நிற்கச் சொல்லி கண் ஜாடை காட்டும் அம்மாக்களும் உண்டு.

இதில் வயசுக்கோ தைரியத்துக்கோ வேலையே இல்லை. தொடை மேல் அழுத்தும் கம்பியும், தோள் மேல் இறங்கும் கவசமும் குறிப்பிட்ட அளவு உடம்புக்காகச் செய்யப்பட்டவை. உடம்பு சின்னதாக இருந்தால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழும். வண்டி உச்சியில் இருந்து சரியும் அந்த நொடியில், சீட்டில் இருந்து எழும்பும் குழந்தை அந்த இடைவெளி வழியே நழுவி விடும். குச்சியைத் தொடாத பையனை ஏற்றாமல் திருப்பி அனுப்பும் ஊழியர், அவனுடைய உயிரைத்தான் காப்பாற்றுகிறார். அவரிடம் போய் எகிறுவது அநியாயம்.

பெரிய உடம்புக்காரர்களுக்கும் இதே கதைதான். கம்பி முழுசாக இறங்காமல் பூட்டு சரியாக விழாவிட்டால் இறங்கச் சொல்வார்கள். பத்து பேர் முன்னால் இறங்குவது அவமானமாகத்தான் இருக்கும். ஆனாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். 2022-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், உயரமான கோபுரத்தில் இருந்து சர்ரென்று இறங்கும் ராட்டினத்தில் இருந்து 14 வயது சிறுவன் விழுந்து பலியானான். ஆஜானுபாகுவான பையன். பெரிய உடம்பும் உட்கார வசதியாக அந்த சீட்டின் சென்சாரை கையால் மாற்றி வைத்திருந்தது விசாரணையில் அம்பலமானது. கவசம் சரியாக மூடாத நிலையிலும் 'பூட்டியாச்சு' என்று மெஷின் நம்பிவிட்டது.

இதய நோயாளிகள், பி.பி. எகிறுகிறவர்கள், கர்ப்பிணிகள், கழுத்து, முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள் கீழேயே நின்று பையைப் பார்த்துக்கொள்வது உத்தமம். 'கட்டிங்' போட்டவர்களை வாசலிலேயே ஓரங்கட்டி விடுவார்கள்.

என்ஜினே கிடையாது!

சரி, ஏறியாச்சு. கம்பி இறங்கியாச்சு. வண்டி 'டக்… டக்… டக்…' என்று சத்தம் போட்டபடி மேலே ஏறுகிறது. இந்த சத்தத்திலேயே பாதிப் பேருக்கு வயிறு கலங்கி விடும். கேட்டால் பழைய வண்டி, பல்சக்கரம் தேய்ந்து கிடக்கிறது என்பார்கள்.

விஷயம் நேர் எதிர். வண்டியைச் சங்கிலி மேலே இழுக்கும்போது அடியில் ஒரு இரும்புக் கொக்கி, ரம்பப் பல் போன்ற பட்டையில் ஒவ்வொரு பல்லாக விழுந்து ஏறும். திடீரென்று சங்கிலி அறுந்தாலோ, கரண்ட் போனாலோ வண்டி பின்னால் உருளாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். 'டக் டக்' என்பது கொக்கி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சில புது வண்டிகளில் இந்த சத்தம் வராதபடியும் செய்திருக்கிறார்கள்.

உச்சிக்குப் போனதும் சங்கிலி கழன்றுகொள்ளும். அதற்கு அப்புறம் வண்டியைத் தள்ள யாரும் இல்லை. வண்டிக்குள் என்ஜினும் கிடையாது, டிரைவரும் கிடையாது. கத்திப்பாரா மேம்பாலத்தில் மூச்சு வாங்க சைக்கிள் மிதித்து ஏறியவர், இறங்கும்போது பெடலைத் தொடாமல் பறக்கிறார் இல்லையா? அதே கதைதான். ஏறும்போது சேர்த்த சக்தியை, இறங்கும்போது செலவு பண்ணுகிறது. காந்த சக்தியால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும் வண்டிகளும் இருக்கின்றன. அவையும் தள்ளு முடிந்ததும் இதே மாதிரி உருளுவதுதான்.

10 மீட்டர் சரிந்தால் சுமார் 50 கிலோமீட்டர் வேகம். 20 மீட்டர், அதாவது ஆறு மாடி உயரம் சரிந்தால் சுமார் 70 கிலோமீட்டர் வேகம். உராய்வும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக சக்தியைத் தின்றுவிடுவதால், முதல் மேடுதான் பெரும்பாலும் உசத்தியாக இருக்கும். போகப் போக மேடுகள் குட்டையாகிக்கொண்டே வரும்.

இன்னொரு சுவாரஸ்யம். காலையில் முதல் ஆளாக ஏறுவதை விட மதியத்துக்கு மேல் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும். சக்கரமும் கிரீஸும் சூடாகி உராய்வு குறைந்து விடுவதுதான் காரணம். ஆள் நிரம்பிய வண்டியும் காலி வண்டியை விட விரைவாக ஓடும்.

தண்டவாளத்தை விட்டு எகிறிவிடாதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. ரயில் மாதிரி மேலே மட்டும் சக்கரம் இருந்தால் எகிறத்தான் செய்யும். ரோலர் கோஸ்டரில் தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்தைக் கொண்டு வந்தவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர், 1919-ம் வருஷம். இன்று தலைகீழாகப் போகிற அத்தனை வண்டியும் அவர் போட்ட பாதையில்தான் ஓடுகிறது.

வயிறு ஏன் கலங்குது?

மாநகர பஸ்சில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டிரைவர் ஸ்பீடு பிரேக்கரில் பிரேக் போடாமல் ஏற்றினால் ஒரு நொடி சீட்டை விட்டு எழும்பி, 'ஜிவ்' என்று அடிவயிற்றில் ஏதோ செய்யுமே, அதுதான். ரோலர் கோஸ்டர் கீழே பாயும்போது உடம்பும் கூடவே விழுகிறது. குடல், இரைப்பை எல்லாம் உடம்புக்குள் இறுக்கி ஆணி அடித்து வைக்கப்படவில்லை. அவை கொஞ்சம் மிதக்கும். நரம்பு உடனே மூளைக்குத் தந்தி அடிக்கும்: 'விழறோம்டா!'

இதிலும் கடைசி சீட்டுக்கே மவுசு. முன்பக்கம் சரிவில் இறங்கி வேகம் பிடித்த பிறகுதான் வால்பகுதி உச்சியைத் தாண்டும். அதனால் கடைசி சீட்டுக்காரர் தூக்கி எறியப்படுவது போல உணர்வார். முன் சீட்டில் இருப்பவருக்கு முதுகில் அவ்வளவு இழுப்பு இல்லை. ஆனால் எதிரே மறைப்பு இல்லாததால் பாதாளம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். எது திகில் என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

பள்ளத்தில் விழுந்து திரும்ப மேலே ஏறும் இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே உடம்பு கனத்துப் போகும். பெரிய வண்டிகளில் எடை நாலு மடங்கு வரைகூட கூடும். அதாவது 60 கிலோ ஆசாமி, கண நேரத்துக்கு 240 கிலோ ஆகிவிடுகிறார். கிட்டத்தட்ட 5 சிமெண்ட் மூட்டை! ரத்தம் காலுக்கு இறங்குவதால் சிலருக்கு கண் மங்கும். ஓரிரு நொடியில் சரியாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் குனிந்து காலைப் பார்ப்பதோ, பக்கத்து சீட்டு நண்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதோ கழுத்துக்கு ஆகாது. தலையை சீட்டில் சாய்த்து நேராக வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைகீழ் வளையத்திலும் இந்தக் கணக்கு உண்டு. தண்ணி வாளியை வேகமாகத் தலைக்கு மேல் சுற்றினால் தண்ணி கொட்டாது அல்லவா, அந்தத் தத்துவம்தான். 1895-ல் நியூயார்க்கின் கோனி தீவில் முழு வட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். உள்ளே நுழையும்போதே வெட்டி இழுத்ததில் ஏறியவர்களுக்கெல்லாம் கழுத்து பிடித்துக்கொண்டது. கூட்டம் வரவில்லை, கடை கட்டினார்கள். அதற்கு விடிவு பிறக்க 1976 வரை ஆனது. அந்த வருஷம் கலிபோர்னியாவில் ஓடிய 'ரெவல்யூஷன்' வண்டிக்கு, ஜெர்மனி என்ஜினீயர் வெர்னர் ஸ்டெங்கல் வட்டத்தை விட்டுவிட்டு கண்ணீர்த் துளி வடிவில் வளையம் போட்டார். கழுத்து தப்பியது. இன்றும் தலைகீழ் வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் துளி வடிவம்தான்.

வாந்தி வருவது வேறு சமாச்சாரம். காதுக்குள் இருக்கும் திரவம் 'சுத்துறோம்' என்கிறது, கண் வேறு ஏதோ சொல்கிறது. மூளை குழம்பி வயிற்றைக் காலி பண்ணச் சொல்கிறது. கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவர்களுக்கு இது ஜாஸ்தியாகலாம். போகும் பாதையைப் பார்ப்பது நல்லது. மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக வந்து ஏறினால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. பின் சீட்டில் இருப்பவர்கள் பாவம்.

கிட்னி கல் கரையுமா?

'ரோலர் கோஸ்டரில் ஏறினால் கிட்னி கல் விழுந்துடும்' என்று வாட்ஸ்-அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது முழுப் புரளி இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக டாக்டர் டேவிட் வார்ட்டிங்கர், சிறுநீரக மாதிரி ஒன்றைச் செய்து, அதில் நிஜக் கல்லையும் சிறுநீரையும் போட்டு, பையில் மறைத்துக்கொண்டு டிஸ்னி பூங்கா வண்டியில் திரும்பத் திரும்ப ஏறினார். 2016-ல் முடிவு வெளியானது. கடைசி சீட்டில் 64 சதவீதம் தடவை கல் நகர்ந்து வெளியேறியது. முன் சீட்டில் 17 சதவீதம்தான். சிரிக்க வைத்து சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்கு தரும் 'இக் நோபல்' பரிசும் 2018-ல் அவருக்குக் கிடைத்தது.

சோதித்தது பொம்மை கிட்னியில், அதுவும் சின்னக் கற்களை வைத்து. வலியோடு இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் திருப்போரூர் பஸ் ஏறிவிட வேண்டாம்.

செருப்பும் செல்போனும்

கால் தொங்கும் வண்டியில் செருப்பைக் கழற்றிவிடச் சொல்வார்கள். துப்பட்டா, அவிழ்ந்த முடி, கழுத்து ஐ.டி. கார்டு, சட்டைப் பையில் செல்போன் எல்லாம் வம்புதான். மேலிருந்து வரும் செல்போன் கீழே நிற்கிறவர் மண்டையில் விழுந்தால் கல்லடி மாதிரி.

விழுந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், வண்டியில் இருந்து விழுந்த செல்போனைத் தேடி ஒருவர் வேலி தாண்டி உள்ளே போனார். தஞ்சோரா மாதிரியே தொங்கும் ரகம் அது. அவர் நின்ற இடத்தில் வண்டி தாழ்வாக வந்தது. மோதி, அங்கேயே பலியானார். 2008-ல் ஜார்ஜியா மாநிலத்தில் 17 வயசுப் பையன் இதே போல இரண்டு வேலி தாண்டிக் குதித்து, தொங்கும் வண்டி மோதி உயிரை விட்டான். போன் விழுந்தால் ஊழியரிடம் சொல்ல வேண்டும். பூங்கா மூடிய பிறகு எடுத்துத் தருவார்கள்.

நடுவழியில் நின்றால்…

இப்போது முக்கியமான விஷயம். வண்டி உச்சியிலோ பாதி வழியிலோ நின்றுவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு குலை நடுங்குகிறது. கீழே சொந்தக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். "ஏம்பா, ஆன் பண்ணி விடுப்பா" என்று ஆபரேட்டரை நெருக்குகிறார்கள்.

அப்படி நெருக்கவே கூடாது.

பெரிய ரோலர் கோஸ்டரில் ஒரே பாதையில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும். ரயில்வே சிக்னல் மாதிரி பாதையைப் பல பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி அடுத்த பகுதிக்குப் போய்விட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்வண்டிக்கு வழி திறக்கும். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பின்வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். சென்சார் கெட்டிருந்தாலும் நிறுத்தும். பலத்த காற்று என்றாலும் நிறுத்தும். அதாவது, சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதற்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

கரண்ட் போனாலும் விழாது. பிரேக் பட்டைகள் பொதுவாக மூடிய நிலையிலேயே இருக்கும்படி செய்யப்பட்டவை. காற்றழுத்தம் கொடுத்தால்தான் திறக்கும். அழுத்தம் போனால் தானாக மூடிக்கொள்ளும். காந்த பிரேக்குக்கோ மின்சாரமே தேவையில்லை. தண்டவாளத்தில் இருக்கும் நிரந்தர காந்தத்துக்கு நடுவே வண்டியின் உலோகத் தகடு நுழைந்தாலே வேகம் அடங்கிவிடும். இடுப்புக் கம்பியும் கரண்ட் போனால் திறந்துகொள்ளாது. பூட்டியே கிடக்கும்.

2025 மே மாதம் சென்னை கிழக்கு கடற்கரைச் சாலையில் உள்ள பூங்கா ஒன்றில் ராட்சத ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோனது நினைவிருக்கும். அது ரோலர் கோஸ்டர் இல்லை, வேறு ரகம். 30-க்கும் மேற்பட்டவர்கள் சுமார் 3 மணி நேரம் மேலேயே தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணி வண்டியோடு வந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். பசி, தாகம், பீதி எல்லாம் இருந்தது. ஆனால் உயிர்ச்சேதம் இல்லை.

நின்ற வண்டியை அவசரப்பட்டு ஓட விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2015 ஜூன் 2-ந்தேதி, ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டர். ஆள் இல்லாமல் சோதனைக்கு விட்ட வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்து 16 பேருடன் வந்த வண்டியை கம்ப்யூட்டர் சரியாகவே நிறுத்தியது. கீழே இருந்த டெக்னீஷியன்களுக்கு காலி வண்டி பாதையில் கிடப்பது தெரியவில்லை. 'மெஷின் சும்மா கோளாறு காட்டுது' என்று நினைத்து, கம்ப்யூட்டர் போட்ட தடையை நீக்கிவிட்டு வண்டியை ஓட விட்டார்கள். நேராகப் போய் காலி வண்டி மேல் மோதியது. முன் வரிசையில் இருந்த இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கு ஒரு கால் போனது. பலர் படுகாயம். மீட்கவே மணிக்கணக்கானது. 2016-ல் பூங்கா நடத்திய கம்பெனிக்கு கோர்ட் 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

மெஷின் நிறுத்தியது. மனுஷன்தான் ஓட விட்டான்.

உச்சியில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது ரொம்ப சுலபம். கம்பியைத் திறக்க முயற்சிக்காமல், சீட்டில் இருந்து நெளியாமல், ஊழியர் மேலே வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறும் பாதையின் ஓரத்தில் படிக்கட்டு இருக்கும். ஒவ்வொருவராக அதன் வழியே நடத்திக் கூட்டி வருவார்கள்.

பராமரிப்புதான் பிரச்சினை

அப்படியானால் நம்ம ஊரில் விபத்தே நடப்பதில்லையா? நடக்கிறது. 2025 ஏப்ரலில் டெல்லி கபஷேரா பகுதி பூங்கா ஒன்றில், ரோலர் கோஸ்டரில் இருந்து விழுந்த 24 வயது பெண் பரிதாபமாக இறந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தவருடன் பூங்காவுக்கு வந்தவர். 2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியாவில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் பலியானார்கள். 2016 மே மாதம் சென்னை தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் ராட்டினத்தை சோதித்துப் பார்க்க ஊழியர்களே ஏறியபோது விபத்து. ஊழியர் ஒருவர் செத்துப் போனார். பலர் காயம்.

கடைசியாகச் சொன்னதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பூங்கா திறப்பதற்கு முன்பு தண்டவாளத்தைச் சுற்றி வருவது, போல்ட்டைத் தட்டிப் பார்ப்பது, சக்கரத்தைத் தடவிப் பார்ப்பது, வண்டியைக் காலியாக ஓட விட்டுப் பார்ப்பது எல்லாம் இந்தத் தொழிலாளர்கள்தான். டிக்கெட் வாங்கியவர் ஒரு நாள் ஏறுகிறார். இவர்கள் தினமும் அதன் அடியில் நிற்கிறார்கள்.

பெரிய பூங்காவோ, திருவிழா மைதானத்தில் ஒரு மாசத்துக்கு போடும் ராட்டினமோ, பார்க்க வேண்டியது ஒன்றுதான். கம்பியை ஒவ்வொரு ஆளிடமும் வந்து கையால் இழுத்துப் பார்க்கிறார்களா, அல்லது விசில் அடித்து கிளப்பி விடுகிறார்களா? இழுத்துப் பார்க்காவிட்டால் ஏறியவர்களே கையைத் தூக்கிக் கத்த வேண்டும். கம்பி லூசாக ஆடினாலும், சீட்டில் விரிசல் தெரிந்தாலும் அப்படியே. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்வரைதான் அதற்கு நேரம். சங்கிலி கவ்விவிட்டால் கத்தினாலும் சந்தோஷக் கூச்சல் என்றுதான் நினைப்பார்கள்!

இடித்துத் தள்ளிய உலக சாம்பியன்

1884-ல் கோனி தீவில் லமார்கஸ் தாம்ப்சன் முதல் வண்டியை விட்டபோது வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். கட்டணம் 5 சென்ட். அதற்கும் முன்னால் ரஷ்யாவில் மரத்தில் மேடு கட்டி, ஐஸ் படிய வைத்து சறுக்கி விளையாடி வந்தார்கள். அதனால் பிரான்ஸ், ஸ்பெயின்காரர்கள் ரோலர் கோஸ்டரை 'ரஷ்ய மலை' என்கிறார்கள். ரஷ்யர்களோ 'அமெரிக்க மலை' என்கிறார்கள். யாரும் பழியை ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை போல.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2005-ல் திறந்த 'கிங்டா கா' 456 அடி உயரம். சென்னை எல்.ஐ.சி. கட்டிடம் போல இரண்டரை மடங்கு! வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர். 2024-ல் மூடி, 2025 பிப்ரவரியில் வெடி வைத்து தகர்த்து விட்டார்கள். அபுதாபியில் 2010-ல் வந்த 'ஃபார்முலா ரோஸா' 240 கிலோமீட்டர் வேகம். அதில் ஏறுகிறவர்களுக்கு கண்ணில் மணலும் பூச்சியும் அடிக்காமல் இருக்க கண்ணாடி கொடுக்கிறார்கள்.

சாயந்திரம் வெளியே வரும்போது தரை கொஞ்சம் ஆடுவது போலத்தான் இருக்கும். காது திரவம் அடங்க நேரம் பிடிக்கும். பைக்கில் வந்தவர்கள் ஒரு டீயைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலைசுற்றல் நின்ற பிறகு வண்டியை எடுக்கலாம். வீடு போய்ச் சேர ஓ.எம்.ஆர். சாலை பாக்கி இருக்கிறது. அங்கே அடிச்சக்கரமும் கிடையாது, இடுப்புக் கம்பியும் கிடையாது.